நலம் என்று ஒரு கையெழுத்து

மார்ச் 6

அன்புத் தங்கச்சிக்கு,

அண்ணன் எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகமாக இருக்கிறோம். மாப்பிள்ளையின் முழங்கால் எப்படி இருக்கிறது? போன வாரம் போனில் கேட்டேன். நீ சொன்ன பதில் காதில் விழவில்லை. "என்ன?" என்றேன், நீ கத்தினாய், நானும் கத்தினேன், கடைசியில் எதற்கென்றே தெரியாமல் ஒரு சண்டை. என்ஜின் சத்தத்தில் பாதி ஆயுளைக் கழித்த காது இது. நமக்குக் கடிதம்தான் சரிப்படும். காகிதத்தில் நீ எவ்வளவு திட்டினாலும் ஒரு எழுத்துக்கூட விட்டுப்போகாது.

ஞாயிறு காலை பறக்கப் போனேன். பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று கண்ணாடிக் குப்பியில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். புல் ஈரமாக இருந்ததால் கிளம்பக் கொஞ்சம் கூடுதலாக ஓட வேண்டியிருந்தது. சக்கரம் தரையை விடும் அந்த நொடி இருக்கிறதே, வாரம் முழுக்க அதற்காகத்தான் அடுத்தவர் வாய்க்குப் பல் செட் செய்துகொண்டிருக்கிறேன். மெழுகு, பிளாஸ்டர், அரம் எல்லாம் கீழேயே நின்றுவிடும். ஆற்று வளைவு வரை போய், மஞ்சள் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் திரும்பி, பக்கக் காற்றில் ஒரு சக்கரத்தை முதலில் வைத்து, அப்புறம் மற்றதை வைத்து, பூப்போல இறக்கினேன். பார்க்க ஆள் இல்லையே என்பதுதான் வருத்தம்.

இப்போது இதற்கும் உலை வைக்கிறார்கள். போன வருஷம் எங்கோ ஒருவர் ஆகாயத்திலேயே மாரடைப்பில் போய்விட்டார், விமானம் ஒரு கிடங்கின் மேல் விழுந்தது. அன்றிலிருந்து பொழுதுபோக்குக்குப் பறக்கும் எங்கள் மேல் விமானத் துறைக்குக் கண். இதுவரை, கிளம்புமுன் "இன்று நான் நலமாக இருக்கிறேன்" என்று நாங்களே கையெழுத்துப் போட்டால் போதும். இனிமேல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை துறையின் டாக்டர் சான்று தர வேண்டுமாம். அப்படிப்பட்ட டாக்டர் தலைநகரில் நாலு பேர்தான் இருக்கிறார்கள். வரிசையில் நின்றே எங்கள் சங்கம் மூடிவிடும். ஆகஸ்டில் விசாரணை. செயலாளர் என்பதால் மனு எழுதுகிற வேலை என் தலையில். முதல் வரி எழுதிவிட்டேன்: "எங்கள் உடம்பை எங்களைவிட யாருக்குத் தெரியும்?" எப்படி?

கார் ஒர்க் ஷாப்பில் இருக்கிறது. மைதானத்துக்கு பஸ்ஸில்தான் போய் வருகிறேன். இந்த ஊர் டிரைவர் பிரேக் போடும்போதெல்லாம் பஸ் டிப்போவில் இருக்கும் உன்னைத்தான் நினைத்துக்கொள்கிறேன்.

உன் வாலு பயிற்சிக்கு மே மாதம் இங்கே வருகிறாள் என்று அண்ணி சொன்னாள். பல் விழுந்த வயதில் அவளுக்குக் கொடுத்த வாக்கு இன்னும் பாக்கி. இந்தத் தடவை தாய்மாமன் அவளை மேலே கூட்டிப்போகாமல் அனுப்ப மாட்டான்.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்


மார்ச் 19

அண்ணாவுக்குத் தங்கை எழுதுவது.

நாங்கள் சௌக்கியம். முழங்கால் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் அதைப் பற்றிப் பேசும் வாய்க்கு நல்ல ஆரோக்கியம். அண்ணிக்கு முதுகுவலி தேவலையா?

உன் முதல் வரியை டிப்போவில் இரண்டு டிரைவர்களிடம் படித்துக் காட்டினேன். "சூப்பர் மேடம், எங்களுக்கும் ஒரு காப்பி குடுங்க" என்றார்கள். அப்போதே எனக்கு அந்த வரி மேல் சந்தேகம் வந்துவிட்டது. தினமும் விடியற்காலையில் டிரிப் ஷீட் வாங்க என் மேஜை முன்னால் வந்து நிற்கிறவர்களை நான் பார்க்கிறேனே. தூங்காதவன் தலை நனைத்து வாரிக்கொண்டு வருவான். கண் மங்கியவன் நோட்டீஸ் போர்டை மனப்பாடம் செய்துகொண்டு வந்து படிப்பான். காய்ச்சல்காரன்தான் இருப்பதிலேயே சத்தமாக ஜோக் அடிப்பான். உங்கள் உடம்பு உங்களுக்குத் தெரியும், ஒப்புக்கொள்கிறேன். தெரிந்ததைச் சொல்வீர்களா என்பதுதானே கேள்வி.

கோபித்துக்கொள்ளாதே. ஆபீசில் உட்கார்ந்துகொண்டு சட்டம் போடுகிறவர்கள் மேல் எனக்கும் ஒன்றும் பாசம் இல்லை. மனுவை நன்றாக எழுது.

கார் எந்த ஒர்க் ஷாப்பில்? என்ன ரிப்பேர்? எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் உங்கள் ஊரில்தான் இருக்கிறார். பெயர் சொன்னால் போதும், இரண்டு நாளில் கொடுத்துவிடுவார்.

வாலு இப்போதே பெட்டியைத் திறந்து வைத்துவிட்டாள். வெயிலில் அலையாதே. பதில் போடு.

தங்கை


ஏப்ரல் 10

அன்புத் தங்கச்சிக்கு,

நான் நலம். நீங்களும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். அண்ணியின் முதுகுவலி போய் இப்போது கழுத்துவலி வந்திருக்கிறது.

தலைக்கு மேல் வேலை. மனுவில் அறுபது பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். எங்கள் தலைவர் பேக்கரிக்காரர், ரொட்டி வாங்க வருகிறவர்களையெல்லாம் பிடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டார். "பறக்காதவங்க கையெழுத்து எதுக்குங்க?" என்று கேட்டேன். "மேல பாத்து ரசிக்கறவங்க கணக்குல வராதா?" என்கிறார். மனிதருக்கு அரசியலில் எதிர்காலம் உண்டு.

கடந்த மூன்று ஞாயிறும் பறந்தேன். இப்போதெல்லாம் வாத்தியார் கூட வருகிறார். எங்கள் எல்லோருக்கும் பறக்கக் கற்றுக்கொடுத்தவர் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா, அவர்தான். பக்கத்து சீட்டில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து வருவார். பேச்சுத் துணைக்கு ஆள் இருந்தால் நன்றாகத்தான் இருக்கிறது. போன வாரம் கடைசித் திருப்பத்தில் வேகம் கொஞ்சம் குறைந்தது, மூக்கைச் சற்றே தாழ்த்தி, புல் நுனியை உரசுகிற மாதிரி கொண்டுவந்து வைத்தேன். வாத்தியார் ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் அது பாராட்டு.

உன் டிரைவர்களும் நாங்களும் ஒன்றில்லை. அவர்களுக்கு அது பிழைப்பு, பொய் சொல்ல அவசியம் இருக்கிறது. எங்களுக்கு இது ஆசை. ஆசைக்காகப் போகிறவன் எதற்காகப் பொய் சொல்லப்போகிறான்?

வாலுவை ஒரு தடித்த சட்டை எடுத்துவரச் சொல். மேலே குளிரும்.

அன்புடன் அண்ணன்


ஏப்ரல் 21

அண்ணா,

எல்லோரும் நலம். உன் நலத்தைத்தான் கேட்கிறேன், இந்தத் தடவை சும்மா மரியாதைக்கு இல்லை.

காரைப் பற்றிக் கேட்டேன், நீ அந்தப் பக்கமே திரும்பவில்லை. மார்ச் மாதம் போன கார் இன்னும் வரவில்லை என்றால் அது ஒர்க் ஷாப்பா, கல்லறையா? அண்ணிக்கு போன் போட்டேன். "எல்லாம் நல்லாத்தான் இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு, நான் கேட்காமலே உன் பசியைப் பற்றியும் உன் தூக்கத்தைப் பற்றியும் பேசினார். காரைப் பற்றிக் கேட்டதும் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று வைத்துவிட்டார்.

இன்னொன்று. ஆகாயத்தில் பேச்சுத் துணை எதற்கு என்று கல்யாணமான புதிதில் அண்ணியையே இறக்கிவிட்டுப் போனவன் நீ. இப்போது வாத்தியார் இல்லாமல் ஏற மாட்டேன் என்கிறாய். உன் காதில் பாதிச் செய்தி விழாது, அவரோடு என்ன பேச்சு?

கண்ணில் ஏதாவது கோளாறா? நேராகக் கேட்கிறேன், நேராகச் சொல்.

தங்கை


மே 8

தங்கச்சிக்கு,

கண் நன்றாக இருக்கிறது. இரண்டு பல்லுக்கு நடுவில் இருக்கும் மயிரிழை இடைவெளியை வெறும் கண்ணால் பார்த்துச் சரிசெய்கிற ஆள் நான். வேண்டுமானால் ஒரு செட் செய்து அனுப்புகிறேன், மாப்பிள்ளைக்கு மாட்டிப் பார்.

உன் டிப்போ மேஜையில் உட்கார்ந்துகொண்டு என் மூஞ்சியைப் பார்க்காதே. துறைக்காரர்கள் வாயை அடைக்க நான் இங்கே நாய் மாதிரி அலைகிறேன், நீ வீட்டுக்குள்ளேயே ஒரு விசாரணைக் கமிஷன் வைக்கிறாய். ஒரு மனிதன் பஸ்ஸில் போனால் குற்றம், பக்கத்தில் நண்பனை உட்காரவைத்தால் குற்றம். இந்தக் கண்கொத்திப் பார்வைதான் எனக்குப் பிடிக்கவில்லை. இதைத்தான் அவர்களும் செய்யப்போகிறார்கள்.

வாலு பத்திரமாக வந்து சேர்ந்தாள். வந்த அன்றே அலமாரியைக் கலைத்து, அண்ணிக்குப் பாட்டு வேறு கற்றுக்கொடுத்துவிட்டாள். வீட்டில் சத்தம் இருப்பது எனக்குக்கூடக் கேட்கிறது. காற்று ஒத்துழைத்தால் அடுத்த ஞாயிறு கூட்டிப்போகிறேன். இரண்டே சீட் என்பதால் வாத்தியார் கீழே நிற்பார்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அண்ணன்


மே 16

அண்ணா,

இங்கே நலம்தான். உன் கடிதம் இன்று மத்தியானம் வந்தது. படித்ததும் போனைத்தான் எடுத்தேன். வாலுவின் போன் இரண்டு நாளாகக் கிடைக்கவில்லை. உன் வீட்டு போனை யாரும் எடுக்கவில்லை. அதனால் வேகத் தபாலில் இதை எழுதுகிறேன்.

அவளை ஏற்றாதே. காரணம் நான் கேட்கவில்லை, நீயும் சொல்ல வேண்டாம். ஏற்றாதே, அவ்வளவுதான்.

எங்கள் டிப்போவில் ஒரு வழக்கம் உண்டு. உனக்கு இதுவரை சொன்னதில்லை. டிரிப் ஷீட் வாங்கிய டிரைவர், இன்றைக்கு என்னால் முடியாது என்று தோன்றினால் அதை என் மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொள்ளலாம். ஏன் என்று நான் கேட்க மாட்டேன். வேறு ஆளை அனுப்புவேன். மேலதிகாரிகள் அதற்கும் டாக்டர் சீட்டு கேட்டார்கள். காரணம் கேட்க ஆரம்பித்தால் ஒருவனும் கவிழ்க்க மாட்டான், கோளாறோடு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுவான் என்று நான்தான் சண்டை போட்டேன். இன்றுவரை அப்படித்தான் நடக்கிறது. உன் மனுவுக்கு நான் எதிரி இல்லை, அண்ணா. உன்னைவிட எனக்கு அதன் அருமை தெரியும்.

கவிழ்த்து வை. நான் கேட்க மாட்டேன்.

தங்கை


மே 18, ஞாயிறு

அன்புத் தங்கச்சிக்கு,

எல்லோரும் நலம் என்று தெரிவித்துக்கொள்கிறேன்.

இன்று காலை வாலுவைக் கூட்டிப்போனேன். பயப்படவே இல்லை. கிளம்பும்போது கைதட்டினாள். வீடுகளெல்லாம் தீப்பெட்டி மாதிரி இருக்கிறது என்று எல்லோரும் சொல்வதையே சொல்லிவிட்டு, "வேற ஏதாவது புதுசா சொல்லணும் மாமா, இருங்க யோசிக்கிறேன்" என்றாள். வானம் தெளிவாக இருந்தது. காற்று இல்லை. ஆற்று வளைவைக் காட்டினேன். பிறகு வந்துவிட்டோம்.

கொஞ்சம் களைப்பாக இருக்கிறது. மற்றவை பிறகு.

அண்ணன்


ஜூன் 2

அண்ணா,

நாங்கள் நலம். நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. என்னுடையது உனக்குத் திங்கட்கிழமை கிடைத்திருக்கும். அதற்கு நீ ஒரு வரிகூட எழுதவில்லை.

உன் ஞாயிற்றுக்கிழமைக் கடிதத்தைப் பலமுறை படித்தேன். இத்தனை வருஷத்தில் எப்படி இறக்கினேன் என்று நீ எழுதாத முதல் கடிதம் அது. பூப்போல, புல் நுனியை உரசுகிற மாதிரி, ஒன்றும் இல்லை. "பிறகு வந்துவிட்டோம்." நீ எழுதுகிற வாக்கியமே இல்லை அது.

நேற்று வாலு போனில் பேசினாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "மாமா மேல போயி என்கூட ஸ்டேச்சு விளையாடினாரும்மா. கைய நீட்டினபடியே அசையவே இல்ல. நான் கிச்சுகிச்சு மூட்டறேன், கூப்பிடறேன், கண்ணுகூட சிமிட்டல. அப்புறம் பாத்தா, ஒண்ணுமே நடக்காத மாதிரி மீட்டர பாத்துட்டு இருக்காரு. செம ஆக்டிங்!"

நானும் போனில் சிரித்தேன். வைத்துவிட்டு ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. எட்டரை மணி பஸ் என் கையெழுத்துக்காக நின்றுகொண்டிருந்தது, எனக்கு அது தெரியவே இல்லை.

நீ விளையாடவில்லை என்று எனக்குத் தெரியும். சின்ன வயதிலேயே உனக்கு ஸ்டேச்சு விளையாட வராது, முதலில் சிரிப்பவன் நீதான்.

என்ன நடந்தது என்று எழுது. பூசி மெழுகாதே.

தங்கை


ஜூலை 11

தங்கச்சிக்கு,

உங்கள் எல்லோருடைய நலத்தையும் விரும்புகிறேன். என்னைப் பற்றிக் கீழே எழுதியிருக்கிறேன்.

உனக்கு எழுத உட்கார்ந்து, மனு எழுதி, பல் செட்டுக்கு மெழுகு உருக்கி, மறுபடி உட்கார்ந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

பிப்ரவரியில் கார் எங்கள் கேட் தூணில் மோதியது. நான் மோதினேன் என்று எழுத வரவில்லை, ஏனென்றால் நான் அங்கே இல்லை. தெருமுனையில் திரும்பியது ஞாபகம் இருக்கிறது. அடுத்து ஞாபகம் இருப்பது ஹாரன் சத்தமும் அண்ணியின் முகமும். நடுவில் ஒன்றும் இல்லை. தூங்கிவிட்டேன் போல என்று சொன்னேன். அண்ணி சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள். ஒர்க் ஷாப் எல்லாம் கதை. கார் வீட்டு வாசலில்தான் நிற்கிறது.

காரை விட்டவன் விமானத்தை ஏன் விடவில்லை என்று நீ கேட்பாய். அங்கே போனால் எனக்கு ஒன்றும் ஆகாது என்று நிஜமாகவே நம்பினேன். கீழேதான் நான் அரைத்தூக்கத்தில் இருப்பவன், மேலே போனால் முழிப்பு வந்துவிடும் என்று. பறக்கிற எவனைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வான். வாத்தியார் பக்கத்தில் இருக்கிறார் என்று அண்ணியிடம் சொன்னேன். துணைக்கு வாங்க என்று வாத்தியாரிடம் சொன்னேன். ஏன் என்று இருவரிடமும் சொல்லவில்லை.

அன்றைக்கு ஆற்று வளைவைக் காட்டக் கையை நீட்டினேன். கை நீட்டியபடியே இருந்தது, வளைவைக் காணோம். கீழே மஞ்சள் தொட்டி. நடுவில் இருந்த வயல்களை நான் கடக்கவில்லை. விமானம் நல்ல பிள்ளை, விட்ட வழியில் நேராகப் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வாலு என் தோளைப் பிடித்து உலுக்கி, "மாமா, நீங்கதான் அவுட்டு!" என்று சிரித்துக்கொண்டிருந்தாள்.

எப்படி இறக்கினாய் என்று கேட்டாய். வாய்விட்டு எண்களைச் சொல்லிக்கொண்டே இறக்கினேன். சத்தம் நின்றால் நான் போய்விட்டேன் என்று தெரிந்துகொள்ளலாமே என்று. நின்றால் தெரிந்துகொள்ள நான் ஏது என்பது அப்போது தோன்றவில்லை. மூன்று முறை குதித்துத்தான் நின்றது. அவள் அதற்கும் கைதட்டினாள்.

அன்றிலிருந்து ஏறவில்லை. உன் கடிதம் மறுநாள் வந்தது. ஒரு நாள் முன்னால் வந்திருந்தால் நிறுத்தியிருப்பேனா? நிறுத்தியிருக்க மாட்டேன். உன் மேல் கோபப்பட்டு இன்னும் சீக்கிரமாகக் கிளம்பியிருப்பேன்.

சங்கத்தில் காதுவலி என்று சொல்லியிருக்கிறேன். விசாரணையில் நான்தான் பேச வேண்டும். நடந்ததை நான் சொன்னால் எங்கள் சங்கத்தார் எல்லோருடைய சுதந்திரத்துக்கும் அன்றே சமாதி. சொல்லாவிட்டால் அந்த முதல் வரியை நான் எந்த வாயால் படிப்பது?

அண்ணன்


ஜூலை 20

அண்ணா,

நலம் விசாரிக்க இப்போது எனக்கு மனம் இல்லை. ஆனால் தெரிந்துகொள்ள வேண்டும். முதலில் ஒரு டாக்டரைப் பார். இதை நான் கேட்டுக்கொள்ளவில்லை, சொல்கிறேன்.

அவள் என் ஒரே பெண். உன்னை நான் மன்னிக்கவில்லை. இந்தக் கடிதத்திலும் மன்னிக்கவில்லை, அடுத்த கடிதத்திலும் மன்னிப்பேனா என்று தெரியவில்லை. அவளிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். முழுக்கக் கேட்டுக்கொண்டாள். அப்புறம், "மாமாவ திட்டாதம்மா" என்றாள். அதைக் கேட்டதும் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது.

எங்கள் டிப்போ வழக்கத்தைப் பற்றி எழுதினேனே, அதில் ஒன்றை விட்டுவிட்டேன். அது எழுதப்பட்ட விதி இல்லை. மேலதிகாரிகள் கண்டும் காணாமல் விட்டிருக்கிறார்கள். யாராவது ஒருவன் மயக்கத்தை மறைத்துக்கொண்டு பஸ்ஸை எடுத்து நாலு பேரை இடித்தால், அன்றைக்கே அது போய்விடும். அவனோடு போகாது, எங்கள் ஐம்பது டிரைவர்களுக்கும் போகும். உன் சங்கத்தின் சுதந்திரத்துக்கு நீ ஆபத்து வைத்தது விசாரணையில் இல்லை. மே மாதத்திலேயே வைத்துவிட்டாய்.

உங்கள் தலைவருக்கு நடந்ததை ஒரு கடிதமாக எழுதி, உறையில் போட்டு, தபால்தலையும் ஒட்டி வைத்திருக்கிறேன். என் மேஜையில் இருக்கிறது. அனுப்புவேனா என்று எனக்கே தெரியவில்லை. விசாரணையில் என்ன பேச வேண்டும் என்று நான் சொல்லித்தரப் போவதில்லை.

உனக்காக இனி அண்ணியைப் பொய் சொல்ல வைக்காதே. அவரையாவது உண்மையோடு இருக்க விடு.

தங்கை


ஆகஸ்ட் 24

தங்கச்சிக்கு,

அண்ணி நலம். வாலு நலம், பயிற்சி முடிந்து அடுத்த வாரம் கிளம்புகிறாள். நான் டாக்டரைப் பார்த்தேன். இது விழாமல், துடிக்காமல் வருகிற ஒருவகை வலிப்பாம். மாத்திரை ஆரம்பித்தாகிவிட்டது. "வேற என்ன பண்றீங்க, ஹாபி ஏதாவது?" என்று கேட்டார். சொன்னேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

விசாரணை வியாழக்கிழமை நடந்தது. நகராட்சிக் கூடம், ஓடாத மின்விசிறி, மைக்கில் கொர்ரென்று சத்தம். எங்கள் ஆட்களெல்லாம் இஸ்திரி போட்ட சட்டையில் முதல் இரண்டு வரிசையில். உன் உறை வந்ததா என்று தலைவரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒன்றும் தெரியவில்லை.

மனுவை எடுத்துக்கொண்டு எழுந்தேன். முதல் வரியை வாயைத் திறந்து படிக்குமுன் அதிகாரி குறுக்கிட்டார். "மனு எங்ககிட்ட இருக்கு, படிச்சாச்சு. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். உங்க சங்கத்துல யாராவது, தானா முன்வந்து, நான் இனிமே ஓட்டலன்னு சொன்னது உண்டா?"

பழைய உறுப்பினர் ஒருவர் மூட்டுவலியால் நிறுத்தினார். அவர் பெயரைச் சொல்லி உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பெயர் வாய் வரைக்கும் வந்துவிட்டது, சத்தியமாக.

"நான்தான் சார்" என்றேன். பிப்ரவரி, கேட் தூண், மூன்று ஞாயிறு, வாலு, எல்லாம் சொன்னேன். என் குரல் எனக்குக் கேட்கவில்லை, கத்தினேனோ என்னவோ. முடித்தபோது பின்னால் ஒருவர், "போச்சு, எல்லாம் போச்சு" என்றது மட்டும் நன்றாகக் கேட்டது. வாத்தியார் எழுந்து வெளியே போய்விட்டார்.

அதிகாரி கேட்டார்: "நீங்க சொல்லலேன்னா யாருக்குத் தெரிஞ்சிருக்கும்?"

"யாருக்கும் தெரிஞ்சிருக்காது சார்."

"அப்போ உங்க பேச்சை நம்பி எப்படி விடறது?"

வாயில் வந்ததைச் சொன்னேன். "ஏப்ரல்ல உங்க டாக்டர் முன்னாடி நின்னிருந்தா அவரையும் ஏமாத்தியிருப்பேன் சார். மயக்கம் வருதான்னு கேப்பாரு, இல்லம்பேன். ரத்தம், கண்ணு, நாடி எல்லாம் சுத்தமா இருக்கும். ஆறு மாசத்துக்கு நல்லவன்னு எழுதிக் குடுத்திருப்பாரு. அந்தப் பேப்பர பாக்கெட்ல வெச்சுக்கிட்டு, இன்னும் தைரியமா அந்தப் பொண்ண கூட்டிட்டுப் போயிருப்பேன். சொல்லணும்னு எனக்குத் தோணினாத்தான் டாக்டருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். சொன்னா அவமானம்னு இருக்கற இடத்துல எவனும் சொல்ல மாட்டான்."

அவர் எழுதிக்கொண்டார். அடுத்தவரைக் கூப்பிட்டார்.

வெளியே படிக்கட்டில் வாத்தியார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் நின்றேன். "என்னை எதுக்கு பக்கத்துல உக்கார வெச்சேன்னு இப்பதாண்டா புரியுது. சொல்லியிருந்தா நான் கைய கட்டிக்கிட்டா வந்திருப்பேன்?" என்றார். அப்புறம் அவருடைய ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. பஸ் ஸ்டாப் வரைக்கும் அழுதுகொண்டேதான் போனேன்.

முடிவு எப்போது வரும் என்று தெரியாது. சங்கத்தில் இப்போது என்னோடு பேசுகிறவர் பேக்கரிக்காரர் மட்டும்தான். அவரும் வானிலையைப் பற்றித்தான் பேசுகிறார்.

உன் கோபம் இருக்கட்டும். எழுதுவதை மட்டும் நிறுத்திவிடாதே.

அண்ணன்


நவம்பர் 16

அன்புத் தங்கச்சிக்கு,

இங்கே அண்ணி நலம். மாத்திரை ஆரம்பித்த பிறகு எனக்கு ஒருதடவைகூட வரவில்லை. இந்த முறை "நான் நலம்" என்று எழுதுமுன் நன்றாக யோசித்துப் பார்த்துத்தான் எழுதுகிறேன். உன் செப்டம்பர் கடிதம் கிடைத்தது. தலைவருக்கான உறையை அனுப்பாமலே கிழித்துப் போட்டுவிட்டேன், ஆனால் உன்னை இன்னும் மன்னிக்கவில்லை என்று எழுதியிருந்தாய். இரண்டும் சரிதான்.

முடிவு வந்துவிட்டது. ஜெயித்துவிட்டோம். மறைக்கிறவன் டாக்டரிடமும் மறைப்பான், அதனால் டாக்டர் சான்று வேண்டாம், பழைய கையெழுத்தே போதும் என்று துறை எழுதிவிட்டது. பேக்கரிக்காரர் கடையை அடைத்துவிட்டு மைதானத்துக்கு ஒரு கூடை கேக் கொண்டுவந்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டவர்கள் எல்லாம் வந்து கையைக் குலுக்கினார்கள். வாத்தியார் தோளில் கை போட்டார். அந்தக் கை பட்டு ரொம்ப நாள் ஆகியிருந்தது.

அப்புறம் அவர்தான் சொன்னார். "மாத்திர சாப்பிடற, ஒண்ணும் வரல. இப்ப எனக்கும் விஷயம் தெரியும், நான் பக்கத்துல இருக்கேன். வா, சும்மா ஒரே ஒரு ரவுண்டு." அன்பாகத்தான் சொன்னார். கையெழுத்துப் போடும் பேனாவை அவரே எடுத்து நீட்டினார்.

காற்று இல்லை. புல் காய்ந்திருந்தது. பெட்ரோல் ஊற்றிய வாசனை வந்தது. வேண்டாம் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. அதை இல்லாமல் செய்ததே நான்தான்.

"இல்லைங்க வாத்தியாரே" என்றேன். அவரே ஏறிப் போனார். மேலே போகிறவரைக்கும் பார்த்தேன், அப்புறம் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறும் கேட்டார்கள். அதற்கு அடுத்த ஞாயிறும். தங்கச்சி, அவர்கள் பறித்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும்! துறையைத் திட்டிக்கொண்டே மிச்சக் காலத்தை ஓட்டியிருப்பேன். இப்போது யாரைத் திட்டுவது? கதவு திறந்திருக்கிறது, பேனா மேஜையில் இருக்கிறது, தடுக்க ஒரு ஆள் கிடையாது. ஒவ்வொரு ஞாயிறும் நானே போய் நின்று, நானே ஆசைப்பட்டு, நானே இல்லை என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த கடிதத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. "போகாதே" என்று மட்டும் எழுதிவிடாதே. நீ சொன்னால் அது எனக்குச் சுலபமாகிவிடும்.

மாப்பிள்ளையையும் வாலுவையும் ரொம்பக் கேட்டதாகச் சொல்.

உன் அண்ணன்